ஆறாம் பிரஸ்ஸில் தங்கிவிட்ட பழைய படிவம்

உலகத்தில் எல்லோரும் ஒரு காகிதத்தைக் கையில் வாங்கினால் மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். ரெக்கார்டு அக்கா கீழிருந்து மேலாகப் படிப்பாள். யார் எதை நீட்டினாலும் அவள் கண் முதலில் போவது வலது பக்கக் கீழ்மூலைக்குத்தான். படிவ எண் என்ன, எத்தனையாவது திருத்தம், எந்தத் தேதியிலிருந்து நடைமுறை என்று பொடி எழுத்தில் ஒரு வரி அங்கே இருக்க வேண்டும். அந்த வரி இல்லாத காகிதம் அவளைப் பொறுத்தவரை ஊர் பேர் தெரியாத ஆள். ஒருமுறை மகளின் மதிப்பெண் அட்டையையும் அப்படித்தான் பார்த்தாள். "என்னடி, இதுல திருத்த எண்ணே இல்லையே" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோதே, கணக்கில் முப்பத்தொன்பது வாங்கியிருந்த மகள், அம்மா இன்னும் மேலே ஏறி வரவில்லை என்ற தைரியத்தில் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நழுவிவிட்டாள்.

சொந்தப் பெயர் அவளுக்குச் சம்பளச் சீட்டில் இருக்கிறது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து, அவளைவிடப் பதினைந்து வயது மூத்த முதலாளிவரை எல்லோருக்கும் அவள் ரெக்கார்டு அக்காதான். குக்கர் மூடிக்குள் போடுகிற ரப்பர் வளையம், அதாவது கேஸ்கெட், செய்கிற தொழிற்சாலை அது. கீழே ரப்பரைப் பிசைகிறார்கள், அச்சில் வைத்து அழுத்தி வேகவைக்கிறார்கள், ஓரத்தைச் சீவுகிறார்கள், பையில் போட்டுக் கட்டுகிறார்கள். மாடிப்படியை ஒட்டி, ஜன்னல் இல்லாத நீள அறையில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பது வருஷமாக அதே அறை, அதே நாற்காலி. நாற்காலியின் கால் மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது.

தரக்கட்டுப்பாடு என்றால் அளவுக் கருவியும் மூக்குக் கண்ணாடியும்தான் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் காகிதத்தை எந்தச் சுவரில் வைப்பது என்பதுதான் அதில் பாதி. அக்காவின் அறையில் சுவர் இரண்டு. இடது சுவர் ஆவணங்களுக்கு. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்கிற விதிமுறைகள், அளவுப் படங்கள், இன்னும் யாரும் நிரப்பாத வெற்றுப் படிவங்கள் எல்லாம் அங்கே. வலது சுவர் பதிவுகளுக்கு. வேலை எப்படி நடந்தது என்று எழுதி முடித்த தாள்கள் எல்லாம் இங்கே. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் நடத்தும் வகுப்பு ஒரே நிமிஷம்தான். இந்தப் பக்கம் "இப்படிச் செய்", அந்தப் பக்கம் "இப்படிச் செய்தோம்". இடது பக்கத்தில் இருப்பதை மாற்றலாம். மாற்றினால் பழையதை ஒரு தாள் விடாமல் திரும்ப வாங்கிக் கிழித்துவிட வேண்டும். வலது பக்கத்தில் இருப்பதைத் தலைகீழாக நின்றாலும் மாற்றக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால், எழுதினது தெரிகிற மாதிரி மேலே ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் வைக்க வேண்டும். வெள்ளை மை பூசுவது அவள் அகராதியில் திருட்டுக்குச் சமம். பிடுங்கி வைத்த வெள்ளை மைப் புட்டிகள் மட்டும் அவள் மேஜை இழுப்பறையில் பதினொன்று இருந்தன.

எல்லோரும் குழம்புகிற இடம் படிவம்தான். அச்சடித்து வந்த வெற்றுப் படிவம் ஆவணம். அதில் பேனா பட்டுவிட்டால் அந்த நொடியிலிருந்து அது பதிவு. ஒரே தாள்தான், சுவர் மாறிவிடும். இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு பூரிப்பு வரும். கேட்பவர்கள் முகத்தில் வராது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் கிடையாது.

வீட்டிலும் இதே பாட்டுதான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, தான் எந்தச் சுவர் என்று கேட்டார். "உங்களைத்தான் திருத்தவே முடியாதே. வலது சுவர்" என்றாள். மகளுக்குப் புரை ஏறும் அளவுக்குச் சிரிப்பு. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டிய பொருள் என்று அவளே ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொல்லி, இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். அவரிடம் அவளுக்கு ஒரே ஒரு தீராத வழக்கு உண்டு. லிஃப்டுக்குள் மாட்டியிருக்கும் பராமரிப்பு அட்டையில், மாதா மாதம் போட வேண்டிய கையெழுத்தை அவர் மூன்று மாதத்துக்குச் சேர்த்து ஒரே மூச்சில் போட்டுவிடுவார். அது தெரிந்த அன்று அக்கா பிடித்த பிடியில் அவர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை வந்தது.

மூவாயிரம் கேஸ்கெட் திரும்பி வந்துவிட்டது. குக்கரில் மாட்டி ஒரு மாதத்துக்குள் விறைத்துப்போய், மூடியின் ஓரத்தில் ஆவி சீறுகிறது என்று வாங்கிய கம்பெனியிடமிருந்து புகார். வியாழக்கிழமை அவர்களே நேரில் வந்து விசாரிப்பார்களாம். தர மேலாளருக்கு முப்பத்தைந்து வயது. கெட்டவர் இல்லை, ஆனால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரியே எப்போதும் நடப்பார். எல்லாம் சரியாக இருக்கும்போது அவளை மேடம் என்பார், தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டால் அக்கா என்பார். அன்று வாசலில் நின்றபடியே அக்கா என்றார். அந்தச் சரக்கு எந்த நாளில், எந்த பிரஸ்ஸில், யார் கையில் வெந்தது என்று கேட்டார். நான்கே நிமிஷத்தில் அக்கா கட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தாள். அந்த நான்கு நிமிஷத்துக்காக அவள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள், பாவம்.

தாள்கள் ஆறாம் நம்பர் பிரஸ்ஸினுடையவை. மேல்தட்டும் கீழ்த்தட்டும் சூடேறி, நடுவில் இருக்கும் ரப்பரை வேகவைக்கிற இயந்திரம் அது. மேல்தட்டின் சூடு மணிக்கு மணி அழகாக எழுதியிருந்தது. கடைசி வரிசைக் கட்டங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. பழைய பிரஸ்களின் கீழ்த்தட்டை நம்ப முடியவில்லை என்றுதான் இரண்டு மாதத்துக்கு முன் படிவத்தையே மாற்றி, கீழ்த்தட்டின் சூட்டையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆறாம் பிரஸ்ஸை ஓட்டுகிற மனுஷன் ஒரு நாள்கூட எழுதவில்லை. கீழ்த்தட்டு கொதித்துக் கிடந்திருக்கிறது, ரப்பர் கருகாத குறையாக விறைத்திருக்கிறது, அவர் பார்க்கவே இல்லை. மேலாளருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

ஆறாம் நம்பர்காரருக்கு ஐம்பத்துநான்கு வயது. அந்த பிரஸ் வந்த நாளிலிருந்து அவர்தான் அதை ஓட்டுகிறார். அதனால் அதன் எண்ணே அவர் பெயராகிவிட்டது. அதிகம் பேச மாட்டார். இரண்டரை மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி இறந்துபோனார். பிள்ளைகள் கிடையாது. பதினைந்து நாள் விடுப்பில் இருந்துவிட்டு வந்து, எதுவும் நடக்காதது போல வேலையைத் தொடங்கியவர். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கூட இருந்த மேற்பார்வையாளர், பாவம்தான், ஆனால் அவர் மனசு இப்போது வேலையில் இல்லை என்று இழுத்தார். புதன்கிழமை மதியத்திலிருந்து அவரை லாரியில் சரக்கு ஏற்றும் பகுதிக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அவருக்கு முழங்கால் வலி. மாடிப்படியே ஏற மாட்டார். சரக்கு ஏற்றப் போ என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவர் வாதாடவில்லை. "எங்கிட்ட இருந்த ஃபாரத்துல என்னென்ன கேட்டிருந்துச்சோ, எல்லாம் எழுதினேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மேலாளர் அதைச் சப்பைக்கட்டு என்று நினைத்தார். கோப்பைத் திரும்ப வாங்க வாசலில் நின்றிருந்த அக்காவின் காதில் அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது. எங்கிட்ட இருந்த ஃபாரம் என்றால் என்ன அர்த்தம்?

அறைக்கு வந்து தாளை விரித்தாள். கண் தன் வழக்கப்படி கீழ்மூலைக்குப் போயிற்று. திருத்தம் 3 என்று இருந்தது. நடைமுறையில் இருப்பது திருத்தம் 4.

மறுபடி பார்த்தாள். அடுத்த தாள், அதற்கடுத்த தாள், எல்லாமே மூன்றுதான். பழைய படிவத்தில் கீழ்த்தட்டுக்கு இடமே கிடையாது. புதுப் படிவத்தில் கீழ்த்தட்டு இருக்கிற அதே இடத்தில், அதே அகலத்தில், பழையதில் "குறிப்பு" என்று ஒரு வரிசை உண்டு. குறிப்பு ஒன்றும் இல்லாததால் அவர் அதைச் சும்மா விட்டிருக்கிறார். மேலாளர் வெறுங்கட்டத்தைப் பார்த்தாரே தவிர, தலைப்பைப் படிக்கவில்லை. வாரா வாரம் கட்டு கட்டாக வந்த தாள்களை அக்காவும் அடுக்கித்தான் வைத்தாள். ஆனால் கட்டின் மேலே எப்போதும் ஒன்றாம் பிரஸ்ஸின் தாள்தான் இருக்கும். அதன் மூலையை மட்டும் பார்த்துவிட்டு வைத்திருக்கிறாள். ஆறாம் நம்பர் அடியில் கிடந்தது.

அவள் கை தானாகவே பதிவேட்டை எடுத்தது. எந்தப் படிவத்தை யாருக்குக் கொடுத்தோம், பழையதை எத்தனை திரும்ப வாங்கினோம் என்று எழுதுகிற பதிவேடு. புதுக் கட்டு கொடுத்தது ஆறு, பழையது திரும்பப் பெற்றது ஆறு, கிழித்தது ஆறு. கீழே அவளுடைய கையெழுத்து. அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அந்தப் பதிவேடு கனமானது. எண்ணெய் படிந்த தரையில் அதைச் சுமந்துகொண்டு பிரஸ் பிரஸ்ஸாக அலைவது தொல்லை. அதனால் கீழே இறங்குவதற்கு முன்பே, மேஜையிலேயே எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். கணவருக்கு இரண்டு நாள் வாய்ப்பூட்டு போட்டவள் செய்கிற காரியம் இது. இது அதுவேதான் என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. அவர் வேலை செய்யாமல் போடுகிறார், நான் செய்யப்போகிற வேலைக்குத்தானே போடுகிறேன் என்று ஒரு கணக்கு.

அன்று ஐந்து பிரஸ்களில் பழைய கட்டை வாங்கி, புதியதைக் கொடுத்து, கீழ்த்தட்டைப் பற்றிச் சொல்லி முடித்தாள். ஆறாம் நம்பருக்கு வரும்போது சாப்பாட்டு மணி அடித்து இயந்திரங்கள் நின்றுவிட்டன. ஆறாம் நம்பர்காரர் விடுப்பு முடிந்து வந்த முதல் நாள் அது. பிரஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவில், கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ் திறந்தபடி இருந்தது. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய மனுஷன் சத்தம் வராமல் அழுவதை அக்கா அதுவரை பார்த்ததில்லை.

புதுக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவள் நின்றாள். தன்னைப் பார்த்துவிட்டால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்து நின்று, கீழ்த்தட்டின் சூட்டைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காட்சியை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை. செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்துவிட்டாள். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று புதுக் கட்டை அலமாரியின் மேலே வைத்தாள். மறுநாள் மகளுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் விடுப்பு. திரும்பி வந்து, படிவ வேலை எதில் நிற்கிறது என்று பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். பதிவேடு ஆறு என்றது. பதிவேட்டை நம்பாமல் அவள் வேறு யாரை நம்புவாள்? மேற்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அலமாரியின் மேலே, தூசி படிந்து, பிரிக்காத புதுக் கட்டு அப்படியே இருந்தது.

அதை இறக்கி மேஜையில் வைத்தாள். பிறகு மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. மனசு என்பது அப்படித்தான், யாருக்கும் விதிவிலக்கு இல்லை. இந்தத் தொழிற்சாலையில் காகிதத்தின் கீழ்மூலையைப் படிக்கிற ஒரே ஆள் அவள்தான். சாயங்காலம் எல்லோரும் போனபின் கீழே இறங்கி, பழைய கட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிட்டால் போதும். பதிவேடு சுத்தமாக இருக்கிறது. வியாழக்கிழமை வருகிறவர்கள் அதைப் பார்த்து மெச்சிவிட்டுத்தான் போவார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்த அறையின் மேல் ஒரு குறை எழுதப்பட்டதில்லை. ஆனால் ஒரு மனுஷனுடைய முழங்கால் லாரிக்கும் கிடங்குக்கும் நடுவில் கிடக்கும்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு மற்ற வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் வீட்டில் கணவர் பாத்திரம் கழுவ, அவள் துடைத்து அடுக்கினாள். ஒரே தட்டை மூன்றாவது தடவையாகத் துடைத்தபோது அவர் குழாயை மூடிவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொல்லிவிட்டாள். முன்கூட்டியே போட்ட கையெழுத்தையும் மறைக்கவில்லை. இந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது. அடுத்த அறையில் படித்துக்கொண்டிருந்த மகள்கூட அதை எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தாள். அவர் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷத்துக் கல்யாணத்தில் அவர் செய்த ஆகப் பெரிய காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

"நானா இருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்பேன்" என்றார். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனா நீ வந்துட்டுப் போனது அந்தாளுக்குத் தெரியாதுல்ல" என்றார்.

அவள் அதை யோசித்ததே இல்லை.

புதன்கிழமை காலையில் பதிவேட்டைத் திறந்து, மூன்று இடத்தில் ஆறு என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டு, ஐந்து என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தாள். கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. பிறகு பதிவேட்டையும், பிரிக்காத கட்டையும், ஆறாம் நம்பரின் தாள்களையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் அக்கா என்று ஆரம்பித்து, மேடம் என்று மாறி, மறுபடி அக்காவுக்கு வந்து சேர்ந்தார். முதலில் அவருக்குக் கோபம், பிறகு பயம். வியாழக்கிழமை வருகிற கம்பெனிக்காரர்களிடம் எதைக் காட்டுவது? மாற்றல் கடிதம் மேஜையிலேயே இருந்தது, கையெழுத்தும் போட்டாயிற்று. அக்கா தன் பேரிலேயே குறைபாட்டு அறிக்கை எழுதிவிடுவதாகச் சொன்னாள். காரணம் என்ற இடத்தில் கவனக்குறைவு என்று போட்டால் தேறாது என்றார் அவர். பத்தொன்பது வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவளுக்கு அந்த ஒரு நாள் மட்டும் எங்கிருந்து வந்தது கவனக்குறைவு என்று கேட்பார்கள். ஒரு தொழிலாளியைக் காப்பாற்ற நாமே பூசி மெழுகுகிறோம் என்று நினைப்பார்கள். நடந்தது நடந்தபடி, முழுக் காரணத்தோடு சாப்பாட்டு மணிக்குள் வந்தால், கடிதத்தை அவர் நிறுத்திவிடுவார். வராவிட்டால் அது போய்த்தான் ஆக வேண்டும்.

அறைக்கு வந்து அக்கா எழுதினாள். போன தேதி, போன நேரம், மனைவி இறந்தபின் அவர் வேலைக்கு வந்த முதல் நாள், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து அழுதுகொண்டிருந்தது, கொடுக்காமல் திரும்பியது, போவதற்கு முன்பே கையெழுத்துப் போட்டிருந்தது, பிறகு போகாதது. உள்ளது உள்ளபடி எழுத எட்டு வரிகள் பிடித்தன. கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவள், வைத்தபடியே நின்றுவிட்டாள்.

தன் தப்பை எழுத அவளுக்கு உரிமை உண்டு. அவருடைய அழுகையை எழுத யார் உரிமை கொடுத்தது? இது வலது சுவருக்குப் போகிற தாள். போனால் போனதுதான். மேலாளர் படிப்பார், மேற்பார்வையாளர் படிப்பார், முன்பின் தெரியாத கம்பெனிக்காரர்கள் படிப்பார்கள். யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதை ஊருக்குப் படித்துக் காட்டித்தான் அவர் வேலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால், வேலையே வேண்டாம் என்று சொல்லக்கூடிய மனுஷன் அவர். சொன்னால் அவளால் மறுக்க முடியாது. தாளை மடிக்காமல் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அவர் அச்சில் ரப்பரை வைத்து பிரஸ்ஸை மூடிக்கொண்டிருந்தார். மூடினால் திறக்க எட்டு நிமிஷம். மாற்றல் கடிதம் வரப்போகிறது என்று தெரிந்தும், தட்டின் ஓரத்தைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் திரும்பினார். பழைய கட்டு, நூலில் கட்டிய பேனாவோடு, பக்கத்து ஆணியில் தொங்கியது. அக்கா ஒன்றும் விளக்கவில்லை. விளக்க ஆரம்பித்தால் தான் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்தது. "படிச்சுப் பாருங்க அண்ணா. நீங்க சரின்னாதான் இதுல கையெழுத்துப் போடுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஐந்தாவது வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். பிரஸ்ஸின் டைமர் முள் நகர்ந்துகொண்டே இருந்தது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு நீங்க வந்தீங்களா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். உடனே கொடுத்திருக்க வேண்டும், அல்லது மறுநாளாவது வந்திருக்க வேண்டும், மூவாயிரம் கேஸ்கெட்டும் தன்னால்தான் என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்தாள். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"யாருமே பார்க்கலைன்னு நினைச்சேன்மா" என்றார். "அது நல்லதுன்னும் இருந்துச்சு, கஷ்டமாவும் இருந்துச்சு. எல்லாரும் வந்தாங்க, எப்படி இருக்கீங்கன்னு கேட்டாங்க, போனாங்க. நானும் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன்." தாளை மறுபடி பார்த்தார். "அன்னிக்குத்தான் முதல் தடவையா நானே சமைச்சு எடுத்துட்டு வந்தேன். வாயில வச்சுப் பார்த்தா உப்பே இல்ல. முப்பது வருஷமா உப்பு இல்லன்னா, இல்லன்னு சொல்லுவேன். கூடன்னா, கூடன்னு சொல்லுவேன். அன்னிக்கு அதைச் சொல்றதுக்கு ஆள் இல்ல. அதான்."

அக்காவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவர் தாளைத் திருப்பி நீட்டினார். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்து அவள் வாங்கிக்கொண்டாள்.

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்" என்றார் அவர். "உப்பையும் சேர்த்து எழுதிடுங்க. அது இல்லாட்டி என்னமோ சும்மா உட்கார்ந்து அழுத மாதிரி இருக்கு."

பிரஸ் திறக்கும் நேரமாகிவிட்டது. அவர் திரும்பிப் பிடியை இழுத்தார். ஆணியில் தொங்கிய பேனாவாலேயே, பிரஸ்ஸின் பக்கவாட்டில் தாளை வைத்து, ஒன்பதாவது வரியாக அக்கா எழுதினாள்: சாப்பாட்டில் உப்பு இல்லை. கையெழுத்தும் தேதியும் போட்டாள். பழைய கட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புதியதை மாட்டிவிட்டு, கீழ்த்தட்டின் சூட்டை எங்கே எழுத வேண்டும் என்று இரண்டு மாதம் கழித்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டார். முதல் கட்டத்திலேயே தெரிந்துவிட்டது, கீழ்த்தட்டு பதினெட்டு டிகிரி அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பிரஸ்ஸை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

மேலாளர் அறிக்கையை ஒரே மூச்சில் படித்துக்கொண்டு வந்தவர், கடைசி வரியில் தடுக்கினார். இது எதற்கு என்று கேட்க நிமிர்ந்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டுவிட்டார். ஏற்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாற்றல் கடிதத்தை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். குறை அக்காவின் பேரில், அந்த அறையின் பேரில், பத்தொன்பது வருஷத்தில் முதல் முறையாக ஏறியது. வியாழக்கிழமை வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ தெரியாது, நாம் இருவரும் சேர்ந்துதான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும் என்றார். சரி சார் என்றாள் அக்கா.

சாப்பாட்டு மணி அடித்தது. வழக்கமாகத் தன் மேஜையிலேயே சாப்பிடுகிறவள், அன்று டப்பாவை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். ஆறாம் நம்பர்காரர் சுவரோரம் இருந்தார். இன்னொரு பெட்டியைக் காலால் தள்ளிக் கவிழ்த்து, எதிரில் உட்கார்ந்தாள். இருவரும் திறந்தார்கள். அவர் ஒரு வாய் எடுத்து வைத்து மென்று முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"இன்னிக்கு உப்பு எப்படி இருக்கு அண்ணா?" என்று கேட்டாள்.

அவர் யோசித்துப் பார்த்தார். இன்னொரு வாய் எடுத்து வைத்தார்.

"கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.